உரோமையில் எங்கே தங்குவது?

உரோமை நகருக்குச் செல்லும் நாம் முதலில் ஆராய வேண்டியது விடுதியின் வசதியையன்று, அது அமைந்துள்ள இடத்தையே. பாந்தியோன், நவோனா சதுக்கம் ஆகியவற்றை அடுத்த பழைய நகர்ப்பகுதி எழில் மிக்கது. ஆயினும் அங்கே வாடகை மிகுதி, சுரங்க இரயில் நிலையமும் அருகில் இல்லை.

நான்கு பெரிய பேராலயங்களையும் தரிசிக்க விழையும் நமக்கு நடுவிடம் தெர்மினி இரயில் நிலையமே. 'ஏ', 'பி' எனும் இரு சுரங்கப் பாதைகள் அங்கே சந்திக்கின்றன. 'ஏ' பாதையில் ஒருபுறம் சென்றால் புனித பேதுரு பேராலயத்தையும், மறுபுறம் சென்றால் லாத்தரன் பேராலயத்தையும் அடையலாம். 'பி' பாதை புனித பவுல் பேராலயத்திற்கு இட்டுச் செல்லும். 2025-இல் திருத்தந்தை பிரான்சிஸ் அடக்கம் செய்யப்பெற்ற புனித மரியன்னைப் பேராலயமோ நடந்தே செல்லும் தொலைவில் உள்ளது.

ஆனால் நிலையத்தைச் சுற்றிப் பணப்பை திருடுவோர் உண்டு, விழிப்பு வேண்டும். அறையைப் பதிவு செய்யுமுன் மூன்று செய்திகளைக் கேட்டறிவோம்: மின்தூக்கி உண்டா? ஆளுக்கு ஓர் இரவுக்கு நகராட்சி விதிக்கும் வரி எவ்வளவு? துறவியர் நடத்தும் இல்லமாயின், இரவில் கதவடைக்கும் நேரம் யாது?

முழங்கால் வலியோடு உடன் வரும் தாயாருக்கு, சன்னல் வழியே தெரியும் நீரூற்றைவிட, நண்பகலில் திரும்பி வந்து சற்றே படுத்தெழ உதவும் கட்டிலே பெரிது.