வண்டியை எங்கே நிறுத்துவது?

சென்னைக்கு மோட்டாரில் போவது சுலபம். சென்னையில் மோட்டாரை நிறுத்துவதுதான் கஷ்டம். வெளியூர்க்காரர் யாரைக் கேட்டாலும் இந்த உண்மையைப் பெருமூச்சுடன் ஒப்புக்கொள்வார்.

நான் இருப்பது குரங்கணியில். போடிநாயக்கனூருக்கு அப்பால், ஏலக்காய் மலைச் சரிவின் அடியில் உள்ள சிற்றூர் அது. எங்கள் ஊரில் வண்டியை நிறுத்துவது ஒரு பிரச்னையே அல்ல. நிழலுள்ள மரம் எது என்று பார்த்தால் போதும். ஆனால் மலைப்பாதையில் ஓட்டுவதற்குக் கண்டிப்பான தர்மம் ஒன்று உண்டு. குறுகலான இடத்தில் இரண்டு வண்டிகள் எதிர்ப்பட்டால், இறங்கி வருகிறவர் ஓரமாக நின்று, ஏறி வருகிறவருக்கு வழிவிட வேண்டும். ஏற்றத்தில் நின்றுவிட்ட வண்டியை மறுபடி கிளப்புவது சிரமம் என்பதே காரணம். சர்க்கார் விதியும் இதையே சொல்லுகிறது. ஆகவே, எங்கே நிற்பது என்பதை நிற்பவருடைய சௌகரியம் தீர்மானிப்பதில்லை. எதிரே வருகிறவருடைய சிரமம் தீர்மானிக்கிறது.

இந்தத் தர்மத்தை மனத்தில் வைத்துக்கொண்டு, சென்ற ஆண்டு எங்கள் வீட்டுக் கல்யாணத்துக்குப் புடவை எடுப்பதற்காகத் தியாகராய நகருக்குப் போனேன். கூட அத்தையும் வந்திருந்தாள். அவளுக்கு முழங்கால் வலி. ஆகையால் கடை வாசலிலேயே இறக்கிவிட வேண்டும் என்பது வீட்டாரின் உத்தரவு. இறக்கிவிடலாம், பிறகு வண்டியை என்ன செய்வது? ஒரு தெருவில் இடமில்லை. அடுத்த தெருவில் "வாகனங்களை நிறுத்தாதீர்" என்ற பலகை. மூன்றாவது தெருவில் இடம் இருப்பதுபோல் தோன்றிற்று. அருகே போனால் அது ஒரு வீட்டின் வாசல். மூன்று முறை அதே வழியில் சுற்றியதும் அத்தை கேட்டாள்: "ஏம்ப்பா, நாம கடைக்கு வந்தோமா, கடையைப் பிரதட்சணம் பண்ண வந்தோமா?"

அப்படிச் சுற்றியபோது கண்ட காட்சி ஒன்று என் மனத்தை விட்டு அகலவில்லை. நடைபாதையின் மேலேயே வரிசையாகக் கார்கள் ஏறி நின்றன. ஒரு பாட்டி, பேரக் குழந்தையின் கையைப் பற்றிக்கொண்டு, நடப்பதற்கு வழியில்லாமல் ரஸ்தாவில் இறங்கி நடந்தாள். அவள் தோளை உரசுவதுபோல் ஒரு பஸ் கடந்து சென்றது. அந்தக் கார்களின் சொந்தக்காரர்கள் எல்லாரும் பொல்லாதவர்கள் அல்லர். "ஐந்தே நிமிஷம்" என்று சொல்லிக் கடைக்குள் போன நல்லவர்கள்தாம். ஆனால் அந்த ஐந்து நிமிஷத்தின் விலையைப் பாட்டியும் குழந்தையும் அல்லவா கொடுக்க நேர்கிறது?

கடைசியில் கட்டணம் வாங்கும் அடுக்குமாடி நிலையத்தில் வண்டியை விட்டேன். ரசீதைப் பார்த்த அத்தைக்குக் கோபம் வந்துவிட்டது. "ஓடுற வண்டிக்குப் பெட்ரோல் போடுறது நியாயம். நிக்கிற வண்டிக்கு எதுக்குப்பா காசு?" என்றாள்.

நியாயமான கேள்விதான். ஆனால் கணக்கைப் பாருங்கள். ஒரு கார் நிற்பதற்குச் சாதாரணமாக விடப்படும் இடம் இரண்டரை மீட்டர் அகலம், ஐந்து மீட்டர் நீளம். அதாவது சுமார் 135 சதுர அடி. ஒரு சிறு அறையின் அளவு! தியாகராய நகரில் அவ்வளவு இடத்தில் கடை வைத்தால் என்ன வாடகை ஆகும்? அதையே தெருவில் இனாமாகக் கேட்கிறோம். அமெரிக்காவில் ஓக்லஹோமா நகரத்தார் 1935-லேயே இதை உணர்ந்து, தெருவோரத்தில் காசு போடும் மீட்டர்களை நிறுவினார்கள். ஜப்பான் தேசத்தில் 1962-ல் சட்டம் செய்து, வண்டி நிறுத்த இடம் உண்டென்று காட்டினால்தான் காரைப் பதிவு செய்யலாம் என்று ஏற்படுத்தினார்கள். டொனால்டு ஷூப் என்ற பேராசிரியர் 2005-ல் இதைப் பற்றிப் பெரிய புத்தகமே எழுதினார். ஒவ்வொரு தெருவிலும் ஓரிரண்டு இடங்களாவது காலியாக இருக்கும்படி கட்டணத்தை வைத்தால், இடம் தேடிச் சுற்றுகிறவர்களின் கூட்டம் குறையும் என்பது அவருடைய சித்தாந்தம். நமது சென்னையிலும் பாண்டி பஜாரில் 2019-ல் ரஸ்தாவைச் சுருக்கி நடைபாதையை விஸ்தாரமாக அமைத்தார்கள். கிழவர்களும் குழந்தைகளும் அங்கே அச்சமின்றி நடப்பதைக் காண மனம் குளிருகிறது.

அப்படியானால் வெளியூர்க்காரர் என்னதான் செய்வது? இதற்கு எங்கள் மலையின் பழைய தேயிலைப் பெட்டிகள் வழி காட்டுகின்றன. 1902-ல் மூணாறிலிருந்து டாப் ஸ்டேஷன் வரையில் ரயில் பாதை அமைத்தார்கள். தேயிலைப் பெட்டி அதுவரையில் ரயிலில் வரும். அங்கிருந்து கம்பிவடத்தில் தொங்கிக்கொண்டு மலையை விட்டு எங்கள் பக்கம் இறங்கும். அதன் பிறகு மாட்டு வண்டி ஏறிப் போடிக்குச் செல்லும். 1924 வெள்ளம் அந்த ரயில் பாதையை அழித்துவிட்டது. ஆனால் அதன் பாடம் அழியவில்லை: இடத்துக்கு ஏற்ற வாகனம், இடம் மாறினால் வாகனமும் மாற வேண்டும். சீமைக்குப் போன தேயிலை, "மூணாறில் ஏறிய வண்டியிலேயேதான் கடைசிவரை போவேன்" என்று பிடிவாதம் செய்யவில்லை.

மறுநாள் நாங்கள் அவ்விதமே செய்தோம். தாம்பரத்துக்கு அருகே தங்கியிருந்த உறவினர் வீட்டு வாசலுக்குள் காரை விட்டுவிட்டு, மின்சார ரயில் ஏறி மாம்பலத்தில் இறங்கினோம். 1931 முதல் சென்னைவாசிகளைச் சுமந்துவரும் பாதை அது. அத்தைக்கு ஜன்னலோரம் இடம் கிடைத்தது. நிலையத்திலிருந்து ஜவுளிக் கடைக்கு ஆட்டோ கிடைத்தது. தென்திசையிலிருந்து வருகிறவர்களுக்கு இப்போது ஆலந்தூரில் மெட்ரோ ரயிலும் உண்டு. வண்டியை விட இடமும் உண்டு. 2023 ஜூன் மாதம் முதல் சென்னை சென்ட்ரலிலிருந்து போடிக்கு நேராகவே ரயில் வந்துவிட்டபடியால், காரை வீட்டிலேயே விட்டுச் செல்லவும் வழி பிறந்திருக்கிறது.

மோட்டாரே கூடாது என்று நான் சொல்லவில்லை. நோயாளிக்கும் முதியோருக்கும் அது பெரிய உபகாரம், கல்யாண மூட்டைகளுக்கும்தான். ஆனால் விருந்தாளி ஒருவர் தம் கட்டிலையும் தூக்கி வந்து, கூடத்தின் நடுவே போட்டுப் படுத்தால் வீட்டார் எப்படி நடமாடுவது? பட்டணத்துக்குப் போகும் நாமும் விருந்தாளிகளே. மலைப்பாதையில் ஏறி வருகிறவருக்கு வழிவிடும் நாம், பட்டணத்தில் நடந்து வருகிறவருக்கும் வழிவிட வேண்டாமா?