நாடிப் பொருத்தம்

எங்கள் மாடம்பாக்கத்தில் பதினெட்டுச் சித்தர்களுக்கும் கோயில் உண்டு. நாலு மைல் போனால் தாம்பரம் சானடோரியத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனம். மூன்று விரல் வைத்து நாடி பார்ப்பதற்குப் பேர்போன வட்டாரம் ஸார் இது! இங்கே என் தங்கை பெண்ணுக்கு இடது கையில் நாடியே இல்லை.

வயசு இருபத்துநாலு. நாலு வருஷமாகவே அவளுக்குப் பெருங்குடல் அழற்சி. குடலின் உள்பக்கம் புண்ணாகி, ரத்தமும் சளியுமாகப் போகும். மாத்திரையில் ஒரு மாதிரி அடங்கியிருந்தபோது, "இடது கை கடுக்குது மாமா, துணி பிழிய முடியல" என்றாள். ஒரு நர்ஸிங் ஹோமில் பி.பி. பார்த்தார்கள். மெஷின் 'எர்ரர்' என்றது. பாட்டரி மாற்றினார்கள். மெஷினையே மாற்றினார்கள். கையை மாற்றத்தான் யாருக்கும் தோன்றவில்லை! அப்புறம் வேறிடத்தில் ஒரு டாக்டரம்மா இரண்டு மணிக்கட்டையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் பேசாமல் இருந்தார். ஸ்கேனில் தெரிந்தது: கைக்குப் போகும் பெரிய ரத்தக்குழாயில் அழற்சி. சுவர் தடித்து, வழி அடைத்துவிட்டது. பெயர் டகயாசு.

1908-ல் டகயாசு என்ற ஜப்பானியக் கண் டாக்டர் ஒரு பெண்ணின் விழித்திரையில் ரத்தநாளங்கள் மாலை மாதிரி வளைந்திருப்பதைச் சொன்னார். கேட்டுக்கொண்டிருந்த இரண்டு டாக்டர்கள், எங்களிடமும் இப்படிக் கேஸ் உண்டு, அவர்களுக்குக் கையில் நாடியே கிடையாது என்றார்களாம்.

"ஒரு வியாதி போதாதா அண்ணா? ரெண்டா வரணும்?" என்று தங்கை அழுதாள்.

ரெண்டும் பங்காளிகள் என்பதுதான் விஷயம். 2015-ல் ஜப்பானில் 470 டகயாசு நோயாளிகளைப் பார்த்ததில் 30 பேருக்குப் பெருங்குடல் அழற்சியும் இருந்தது. அங்கே பொதுஜனத்தில் அது நூற்றுக்கு ஒருவருக்குக்கூடக் கிடையாது. எச்.எல்.ஏ. பி52 என்ற மரபணு வகை இரண்டு நோயிலும் தலைகாட்டுகிறது. இந்திய டகயாசு நோயாளிகளிடமும் பார்த்திருக்கிறார்கள். ஐ.எல்.12பி என்று இன்னொன்று. உடம்பின் காவல்படைக்கு 'அடி' என்று உத்தரவு போடும் புரதத்தில் பாதியைத் தயாரிப்பது இது. உத்தரவு ஓங்கினால் சிலருக்குக் குடலில் அடி, சிலருக்குக் குழாயில், இவளைப் போல அபூர்வமாய்ச் சிலருக்கு இரண்டிலும்.

அதனால் ஒரே ஊசி இரண்டுக்கும் கேட்கலாம் என்றார்கள். அதற்கு முன்னால் காசநோய் டெஸ்ட் கட்டாயம்; உள்ளே தூங்கும் கிருமியை அந்த ஊசி எழுப்பிவிடுமாம். 1928-லிருந்து காசநோய்க்கென்றே ஆஸ்பத்திரி இருக்கும் தாம்பரத்துக்காரர்களுக்கு இதை விளக்கவா வேண்டும்?

இந்த நேரம் பார்த்துத் தரகர் ஒரு ஜாதகம் கொண்டுவந்தார். "எல்லாம் பிரமாதம். நாடிப் பொருத்தம் உத்தமம்!" எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தங்கை முறைத்தாள்.

"இப்ப எதுவும் சொல்ல வேணாம். கல்யாணம் முடியட்டும்" என்பது அவள் கட்சி. நான் ஒப்புக்கொள்ளவில்லை. கர்ப்பத்துக்கு முன்னாலேயே நிறுத்த வேண்டிய மருந்துகள் உண்டு. பிரசவம் வரை ரத்த அழுத்தத்தைச் சரியான கையில் பார்க்க வேண்டும். புருஷன் வீட்டுக்குத் தெரியாமல் இதெல்லாம் எப்படி நடக்கும்?

பெண்ணே முடிவு கட்டினாள். "சொல்லிடுங்க மாமா. ஓடறவங்க இப்பவே ஓடட்டும்."

பையன் வீட்டில் உட்கார்ந்து சொன்னேன். "பிறக்கிற குழந்தைக்கு வருமா?" என்று அவன் அப்பா கேட்டார். நியாயமான கேள்வி. டாக்டரம்மா சொன்னதையே ஒப்பித்தேன்: குடல் நோய்க்கு மற்றவர்களைவிட வாய்ப்பு கொஞ்சம் கூடுதல், ஆனால் அந்த மரபணு உள்ளவர்களில் பெரும்பாலோருக்கு இரண்டு வியாதியும் வருவதேயில்லை. காபி ஆறிப்போயிருந்தது. "கலந்து பேசிச் சொல்றோம்" என்றார்கள்.

நாலு நாள் சத்தமே இல்லை. ஐந்தாம் நாள் பையனின் அம்மா போன். சம்பந்தத்தைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது.

"என் தம்பிக்கு எட்டு வருஷமா ரத்தமாப் போகுதுங்க. மூலம்னு சொல்லி வைத்தியம் பண்றோம். உங்க பொண்ணைப் பார்க்கற டாக்டர் நம்பர் கொஞ்சம் தர்றீங்களா?"