ஓவல் மைதானமும் ஒரு பழைய மாணவர் கோஷ்டியும்

லண்டன் செல்லும் நம்மவரில் கிரிக்கெட்டில் பற்றுள்ளோர், தேம்ஸ் நதிக்குத் தெற்கேயுள்ள கென்னிங்டன் ஓவல் மைதானத்தைக் காணாமல் திரும்புவது அரிது. 1971-ஆம் ஆண்டில், நம் வெங்கடராகவனும் ஆடிய இந்தியக் கோஷ்டி, இங்கிலாந்து மண்ணில் முதன்முதலாக ஒரு டெஸ்ட் பந்தயத்தைக் கெலித்தது இங்கேதான். மதிலுக்கு அப்பால் பழைய எரிவாயுக் கலத்தின் இரும்புச் சட்டம் நிற்கிறது. அதனுள் இன்று மாடிக் குடியிருப்புகள் எழுந்துவிட்டன.

இதே மைதானத்தில்தான் 1872 முதல் 1892 வரை, ஓராண்டு நீங்கலாக, இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கக் கோப்பையின் இறுதிப் பந்தயங்கள் நடைபெற்றன என்பதை அறிந்தோர் சிலரே. 1881 ஏப்ரல் 9-ஆம் நாள் இங்கே கோப்பையை வென்றது ஊர்க் கோஷ்டியுமன்று, தொழில்முறைக் கோஷ்டியுமன்று. சார்ட்டர்ஹவுஸ் என்னும் பள்ளியின் பழைய மாணவர் சங்கம். ஓல்ட் கார்த்தூஸியன்ஸ் என்பது அதன் பெயர்.

1611-இல் தோன்றிய அப்பள்ளி, கார்த்தூஸியத் துறவிகளின் பழைய மடம் இருந்த இடத்தில், லண்டன் நகரின் நடுவே அமைந்திருந்தது. பிள்ளைகள் கல் பாவிய தாழ்வாரத்தில் பந்தாடினர். குறுகிய இடமாதலால் பந்தை உயர உதைக்க வழியில்லை. காலோடு ஒட்டி உருட்டிச் செல்லும் வித்தையே அங்கு வளர்ந்தது. 1872-இல் பள்ளி, சர்ரே மாவட்டத்துக் கோடல்மிங் என்ற சிற்றூருக்கு இடம் மாறியது. வாட்டர்லூ நிலையத்தில் ரயிலேறினால் இன்றும் எளிதில் போய்ச் சேரலாம். குன்றின் மேல் பள்ளிக் கட்டடங்களும் பரந்த புல்வெளிகளும் கண்ணுக்கு விருந்து. சாரணர் இயக்கத்தைத் தோற்றுவித்த பேடன் பவல் இங்கே கோல் காத்தவர். 1876-இல் பழைய மாணவர்கள் தமக்கெனச் சங்கம் கண்டனர்.

ஐந்தே ஆண்டுகளில் அவர்கள் கோப்பையைக் கைப்பற்றினர். அரை இறுதியில் லங்காஷயரின் நெசவாலை ஊராகிய டார்வென் கோஷ்டியை 4-1 என்ற கணக்கில் வீழ்த்தி, இறுதியில் ஈட்டன் பள்ளியின் பழைய மாணவர்களை 3-0 என வென்றனர்.

அப்பதினொருவரில் சிலரை நம் நாட்டினர் அறிந்திருப்பது நலம். கோல் அடித்த மூவரில் ஒருவரான வின்யார்டு சஹாரன்பூரில் பிறந்தவர். பின்னர்ப் பர்மாப் போரில் விருது பெற்று, இங்கிலாந்துக்காகக் கிரிக்கெட்டும் ஆடினார். கால்வின் என்பார் பிற்காலத்தில் ராஜபுதனத்தில் கவர்னர் ஜெனரலின் ஏஜெண்டாக விளங்கினார். பிரின்ஸெப் பதினேழாம் வயதிலேயே, 1879-இல், இங்கிலாந்துக்காக ஆடியவர்; அந்நாட்டுக்கு ஆடியவரில் மிக இளையவர் என்ற அவருடைய பெருமை 2003-இல் ரூனி வரும்வரை நிலைத்தது. ஆட்சிக்கும் படைக்கும் ஆள் அனுப்பிய பள்ளிகளே அந்நாளில் பந்தாட்டத்துக்கும் ஆள் அனுப்பின என்பதற்கு இப்பட்டியலே சான்று.

அவர்கள் காசுக்கு ஆடவில்லை என்று புகழ்வதுண்டு. புகழ் தகும், ஆனால் மறுபுறத்தையும் நோக்க வேண்டும். 1879-இல் டார்வென் கோஷ்டி ஈட்டன் கனவான்களோடு மோதியபோது, 5-1 எனப் பின்தங்கியும் கடைசிக் கால் மணி நேரத்தில் 5-5 எனச் சமன் செய்தது. கூடுதல் நேரம் ஆட ஈட்டன் தரப்பு இசையவில்லை. ஆலைத் தொழிலாளர் மும்முறை லண்டனுக்குப் பயணப்பட நேர்ந்தது. அதற்கு ஊரார் பணம் திரட்டினர். மூன்றாம் ஆட்டத்தில் அவர்கள் 6-2 எனத் தோற்றதில் வியப்பென்ன? ஒரு நாள் வேலையிழந்தால் கூலியிழக்கும் மனிதனுக்கு, ஊதியமின்றி ஆடுவது உயர்ந்த கொள்கையன்று, கட்டாத செலவு. 1883-இல் நெசவாளரும் கைவினைஞரும் நிறைந்த பிளாக்பர்ன் ஒலிம்பிக், ஈட்டன் கோஷ்டியை இதே ஓவலில் 2-1 என வென்றது. 1885-இல் ஊதியம் பெற்று ஆடுவதும் சட்டப்படி ஏற்கப்பட்டது. அதன்பின் எந்தப் பழைய மாணவர் கோஷ்டியும் அக்கோப்பையைத் தொடவில்லை.

இத்துடன் சங்கம் கலைந்திருக்கலாம், கலையவில்லை. அமெச்சூர்களுக்கெனத் தனிக் கோப்பை ஏற்பட்டதும், 1894-இலும் 1897-இலும் ஓல்ட் கார்த்தூஸியன்ஸ் அதை வென்றனர். இரு கோப்பைகளையும் வென்ற கோஷ்டிகளுள் விம்பிள்டனும் ஒன்று. அதற்கு 1988 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. அவர்கள் 1881-இல் ஏந்திய வெள்ளிக் கோப்பையோ 1895-இல் பர்மிங்ஹாம் கடை ஒன்றின் சாளரத்திலிருந்து களவு போயிற்று, திரும்பவேயில்லை.

ஈட்டன் கோஷ்டிக்காக 1883 இறுதியில் ஆடி, காயமுற்று நடுவில் வெளியேறியவர் ஆர்தர் டன். பிற்காலத்தில் பள்ளி ஆசிரியரான அவர், பழைய மாணவர் சங்கங்கள் தமக்குள் ஆட ஒரு போட்டி வேண்டுமெனக் கருதியிருந்தார். 1902-இல் அவர் மறைந்ததும், நண்பர்கள் அவர் பெயரால் ஒரு கோப்பையை நிறுவினர். இன்றும் அது நடைபெறுகிறது. 1903-இல் நடந்த அதன் முதல் இறுதியில் முடிவு காண இயலாமல், ஓல்ட் கார்த்தூஸியன்ஸும் ஷ்ரூஸ்பரிப் பள்ளியின் பழைய மாணவர்களும் கோப்பையைப் பகிர்ந்துகொண்டனர்.