வுட்ஹால் ஸ்பா: திரும்பி வராத விமானக் குழுக்களின் ஊர்

இங்கிலாந்தின் கிழக்கே லிங்கன்ஷையர் மாவட்டத்தில், லிங்கன் நகருக்குத் தென்கிழக்கில் ஏறத்தாழ 25 கிலோமீட்டர் தொலைவில் உள்ள வுட்ஹால் ஸ்பா, பைன் மரங்களும் பிர்ச் மரங்களும் செறிந்த மணற்பாங்கான நிலத்தில் சில ஆயிரம் மக்களே வாழும் அமைதியான ஊராகும். பிரித்தானிய விமானப்படையின் 617ஆம் படையணி இரண்டாம் உலகப் போரின் இறுதிப் பதினாறு மாதங்களில் இங்கிருந்தே பறந்தது என்பதாலும், அப்படையணியில் உயிரிழந்தோரின் பெயர்களைத் தாங்கிய நினைவுச்சுவர் ஊரின் நடுவில் நிற்பதாலும், ஜெர்மனியின் அணைகளைத் தகர்த்த புகழ்பெற்ற தாக்குதலோடு இவ்வூரின் பெயர் பிரிக்க முடியாதபடி இணைந்துவிட்டது. ஆனால் அந்தத் தாக்குதல் வுட்ஹால் ஸ்பாவிலிருந்து புறப்பட்டதன்று. இங்கிருந்து புறப்பட்ட வேறு பல தாக்குதல்களோ வெளியுலகத்தின் நினைவில் அந்த அளவுக்கு இடம்பெறவில்லை. இவ்வூரின் போர்க்கால வரலாற்றை அறிய முற்படுவோர் இந்த இரண்டு உண்மைகளையும் சேர்த்தே மனத்தில் கொள்ள வேண்டும்.

ஊரின் தொடக்கம் நிலக்கரித் தேடலில் இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஜான் பார்க்கின்சன் என்பவர் இங்கு நிலக்கரி கிடைக்கும் என்று நம்பி ஆழமான சுரங்கக்குழி ஒன்றைத் தோண்டினார். நிலக்கரி கிடைக்கவில்லை, முயற்சி கைவிடப்பட்டது, குழியில் ஊறிப் பெருகிய நீர் மேலே வழியத் தொடங்கியது. அந்த நீரில் அயோடினும் புரோமினும் மிகுந்திருப்பதும், அது மூட்டுவலிக்கும் தோல்நோய்க்கும் நல்லது என்று அக்கம்பக்கத்தார் கருதியதும் தெரியவந்தபோது, நிலக்கிழாரான தாமஸ் ஹாட்ச்கின் 1830களில் குளியல் மனையையும் விடுதியையும் எழுப்பினார். இவ்வாறு கனிமநீரில் குளித்தும் அதைப் பருகியும் நோய் தீர்க்கும் ஊர்களுக்கு ஆங்கிலத்தில் வழங்கும் 'ஸ்பா' என்ற சொல் ஊர்ப்பெயரோடு ஒட்டிக்கொண்டது. 1855இல் இருப்புப்பாதை வந்த பிறகு செல்வர்கள் திரண்டனர்; விடுதிகளும் அகன்ற சாலைகளும் பின்னாளில் குழிப்பந்தாட்டத் திடலும் அமைந்தன. காட்டிடையே 1922இல் திறக்கப்பட்டு, திரைக்குப் பின்னாலிருந்து ஒளிபாய்ச்சிப் படம் காட்டும் வழக்கத்தால் பெயர்பெற்ற திரையரங்கம் இன்றும் இயங்குகிறது.

போர் வந்தபோது ஊரின் இந்த இயல்புகளே அதைப் படைக்கு ஏற்றதாக்கின. லிங்கன்ஷையர் சமதளமான நிலம். ஜெர்மனியை நோக்கிய கடற்கரைக்கு அருகில் இருப்பது. ஓடுபாதைகள் அமைக்க எளிதானது. எனவே பாம்பர் கமாண்ட், அதாவது குண்டுவீச்சு விமானங்கள் அனைத்தையும் நிர்வகித்த படைத்தலைமை, இம்மாவட்டம் முழுவதும் விமானத்தளங்களை நிறுவியது. மக்கள் இதைக் 'குண்டுவீச்சு மாவட்டம்' என்றே அழைக்கலாயினர். ஊருக்குத் தெற்கே 1942 தொடக்கத்தில் திறக்கப்பட்ட தளம் அருகிலுள்ள கானிங்ஸ்பி தளத்தின் துணைத்தளமாக இயங்கியது. விமானிகள் தங்குவதற்கு ஊரின் விடுதிகளும் பெரிய வீடுகளும் அரசால் எடுத்துக்கொள்ளப்பட்டன. ஆகவே இங்கு விமானிகள் முள்வேலிக்குள் ஒதுங்கியிருந்த அந்நியராக இருக்கவில்லை. மாலையில் திரையரங்கில் அமர்ந்தவர்கள், கடைத்தெருவில் முகம் தெரிந்தவர்கள், மறுநாள் காலையில் இல்லாமற்போயினர். ஊர் நினைவைப் பேணும் விதத்தில் காணப்படும் நெருக்கத்துக்கு இதுவே அடிப்படை எனலாம்.

தளத்துக்கு முதலில் வந்த 97ஆம் படையணி, அப்போது புதிதாக வெளிவந்திருந்த லான்காஸ்டர் விமானங்களைப் பெற்றிருந்தது. நான்கு பொறிகள் கொண்ட இந்தக் கனரகக் குண்டுவீச்சு விமானத்தில் வழக்கமாக எழுவர் பறந்தனர்: விமானி, பொறியாளர், வழிகாட்டி, கம்பியில்லாத் தந்தியாளர், குண்டு குறிபார்ப்பவர், முதுகுப்புறத்திலும் வாலிலும் துப்பாக்கி ஏந்தும் இருவர். ஒரு விமானம் வீழ்ந்தால் ஏழு குடும்பங்களுக்குத் தந்தி சென்றது. 1942 ஏப்ரல் 17 அன்று இப்படையணியின் ஆறு லான்காஸ்டர்களும், வாடிங்டன் தளத்திலிருந்த 44ஆம் படையணியின் ஆறும், நீர்மூழ்கிக் கப்பல்களுக்கு டீசல் பொறிகள் செய்துவந்த ஆக்ஸ்பர்க் நகரத்துத் தொழிற்சாலையைத் தாக்கப் பட்டப்பகலில், துணைப் போர்விமானங்கள் இன்றி, மரங்களின் உச்சியை உரசும் தாழ்வில் பறந்து சென்றன. 44ஆம் படையணியின் நான்கு விமானங்கள் பிரான்சின் மேலேயே ஜெர்மானியப் போர்விமானங்களால் வீழ்த்தப்பட்டன. ஐந்தாவது இலக்கை அடைந்தபின் வீழ்ந்தது. 97ஆம் படையணியின் ஆறும் இலக்கை அடைந்தன. அவற்றுள் இரண்டு அங்கே விமான எதிர்ப்புத் துப்பாக்கிகளுக்கு இரையாயின. அவற்றுள் ஒன்றை ஓட்டிய அணித்தலைவர் ஜான் ஷெர்வுட், விமானம் தரையில் மோதியபோது இருக்கையோடு வெளியே எறியப்பட்டு உயிர்பிழைத்தார். அவருடைய குழுவில் வேறு எவரும் பிழைக்கவில்லை. சென்ற பன்னிரண்டில் ஏழு விமானங்கள் திரும்பவில்லை. அவற்றில் இருந்த 49 பேரில் 37 பேர் மாண்டனர், 12 பேர் சிறைப்பட்டனர். வீசப்பட்ட குண்டுகளில் சில வெடிக்கவேயில்லை. தொழிற்சாலையின் உற்பத்தி நெடுநாள் தடைப்படவுமில்லை. பாதுகாப்பற்ற பகற்பொழுதுத் தாக்குதலுக்குக் கொடுக்க வேண்டிய விலையைத் தெளிவாகக் காட்டிய இந்நிகழ்ச்சி, இவ்வூருக்கும் உரியது. ஆயினும் இங்கு வரும் பயணிகளில் இதை அறிந்தோர் சிலரே என்பது வருந்தத்தக்கது.

அணைத் தாக்குதலின் வரலாறு ஏறத்தாழ 30 கிலோமீட்டர் வடமேற்கிலுள்ள ஸ்காம்ப்டன் தளத்தில் தொடங்குகிறது. ரூர் தொழிற்பகுதிக்கு நீரும் மின்சாரமும் வழங்கிய அணைகளை உடைத்தால் எஃகு உற்பத்தி முடங்கும் என்ற கணிப்பில், பொறியியலாளர் பார்ன்ஸ் வாலிஸ் புதுவகைக் குண்டு ஒன்றை வடிவமைத்தார். அணையின் முன்னே நீருக்குள் தொங்கவிடப்பட்ட வலைகள் டார்பிடோக்களைத் தடுத்துவிடும் என்பதால், அவர் செய்த உருளை வடிவக் குண்டு, குளத்தில் சிறுவர் எறியும் ஓட்டுச்சில்லைப் போல நீர்ப்பரப்பில் தத்தித் தத்திச் சென்று, அணைச்சுவரில் மோதி, சுவரை ஒட்டியே கீழிறங்கி, ஆழத்தில் வெடிக்கும்படி அமைக்கப்பட்டது. இதற்காக 4,200 கிலோ எடையுள்ள அந்த உருளையை நிமிடத்துக்கு 500 சுற்று வீதம் பின்னோக்கிச் சுழலவிட்டு, நீருக்கு மேல் 60 அடி உயரத்தில், இரவில், நேர்கோட்டில் பறந்து விடுவிக்க வேண்டியிருந்தது. விமானத்தின் அடியில் பொருத்திய இரு விளக்குகளின் ஒளிவட்டங்கள் நீரின் மேல் ஒன்றையொன்று தொடும்போது உயரம் சரியென்று அறிந்துகொண்டனர். இப்பணிக்கென்றே 1943 மார்ச்சில் உருவாக்கப்பட்ட 617ஆம் படையணிக்கு, அப்போது 24 வயதே ஆன கை கிப்சன் தலைமை ஏற்றார்.

1943 மே 16ஆம் நாள் இரவு 19 லான்காஸ்டர்களில் 133 பேர் புறப்பட்டனர். மோனே, ஈடர் ஆகிய இரு அணைகள் உடைந்தன. மண்கரையுடைய ஸோர்பே அணை சேதமுற்றாலும் நின்றது. எட்டு விமானங்கள் திரும்பவில்லை. எட்டும் அணையருகே நிகழ்ந்த போரில் வீழ்ந்தன என்று எண்ணுவது தவறு. பெரும்பாலானவை போகும் வழியிலும் திரும்பும் வழியிலுமே அழிந்தன. வெர்னன் பையர்சின் விமானம் நெதர்லாந்தின் கடலோரத் தீவருகே சுடப்பட்டுக் கடலில் விழுந்தது. இரு விமானங்கள் ஜெர்மனியின் வயல்வெளிகளில் உயரழுத்த மின்கம்பித் தடங்களில் மோதின. பணியை முடித்துத் திரும்பிய ஹென்றி யங்கின் விமானம், இன்னும் சில நிமிடங்களில் பாதுகாப்பான கடல்வெளியை எட்டவிருந்த நிலையில் டச்சுக் கரையோரத்தில் சுடப்பட்டது. மொத்தம் 53 பேர் மாண்டனர். மூவர் மட்டுமே பிழைத்துச் சிறைப்பட்டனர். மாண்டோரில் 13 பேர் கனடாவின் விமானப்படையைச் சேர்ந்தவர்கள்.

தப்பிவந்தோர்க்கு ஓய்வு கிடைத்தது என்று சொல்வதற்கில்லை. 1943 செப்டம்பரில், படையணி கானிங்ஸ்பியில் இருந்தபோது, டார்ட்மண்ட்-எம்ஸ் கால்வாயைத் தாக்கச் சென்றது. முதல் இரவில் பனிமூட்டத்தால் திருப்பி அழைக்கப்பட்டபோது, மோனே அணையை உடைத்த குண்டை வீசிய டேவிட் மால்ட்பி தம் குழுவினரோடு கடலில் மடிந்தார். மறுநாள் இரவு சென்ற எட்டு விமானங்களில் ஐந்து அழிந்தன. அவற்றுள் ஒன்றில், அணைத் தாக்குதலில் கிப்சனோடு பறந்த நால்வர் இருந்தனர். நான்கே மாதங்களில் நிகழ்ந்த இந்த இழப்பு பற்றித் திரைப்படம் எதுவும் எடுக்கப்படவில்லை.

617ஆம் படையணி 1944 ஜனவரியில் வுட்ஹால் ஸ்பாவுக்கு மாறியபோது லெனர்ட் செஷயர் அதன் தலைவராக இருந்தார். அதிகாரிகள் தங்குவதற்குக் கிடைத்தது பெட்வுட் மாளிகை: மரச்சாமான் வணிகத்தில் பெருஞ்செல்வம் ஈட்டிய குடும்பத்தின் மகளுக்காக 1905இல் கட்டப்பட்டு, 1933 முதல் விடுதியாக இயங்கிய, ட்யூடர் காலப் பாணியில் மரச்சட்டங்கள் தெரியும் அழகிய கட்டடம். இன்றும் விடுதியாகவே இயங்கும் அதில், படையணியின் படங்களும் நினைவுப்பொருள்களும் நிறைந்த மதுக்கூடம் ஒன்று பேணப்படுகிறது. இங்கிருந்து பறந்த காலத்தில் படையணி பிரான்சின் சோமூர் அருகிலுள்ள இருப்புப்பாதைச் சுரங்கத்தை 'டால்பாய்' என்ற ஐந்தரை டன் குண்டால் மூடியது. 1944 நவம்பரில் 9ஆம் படையணியோடு சேர்ந்து ஜெர்மனியின் டிர்பிட்ஸ் போர்க்கப்பலைக் கவிழ்த்தது. 1945 மார்ச்சில் பீலஃபெல்ட் பாலத்தின் மேல் 22,000 பவுண்டுக் குண்டை முதன்முறையாக வீசியது. இவ்வெற்றிகளுக்கிடையே இழப்பும் தொடர்ந்தது. 1944 அக்டோபர் 7 அன்று ரைன் ஆற்றின் கெம்ப்ஸ் தடுப்பணையைத் தாக்கச் சென்ற 13 விமானங்களில் இரண்டு வீழ்ந்தன. ஒன்று ஆற்றிலேயே இறங்க, அதன் தலைவர் ட்ரூ வைனஸும் குழுவினர் சிலரும் உயிரோடு பிடிபட்டபின் கொல்லப்பட்டனர். போர்க்கைதிகளைக் கொல்வது எந்தப் போர்மரபுக்கும் அடங்காத குற்றம். நினைவுச்சுவரில் அவர்களுடைய பெயரைப் படிப்போர் இதை அறிந்திருப்பது நன்று.

கிப்சனின் இறுதிப் பயணமும் இவ்வூரிலிருந்தே தொடங்கியது. படையணித் தலைமையை விட்டு அலுவலகப் பணியில் இருந்த அவர், 1944 செப்டம்பர் 19 அன்று இத்தளத்தில் இருந்த 627ஆம் படையணியின் மாஸ்கிட்டோ விமானத்தில், வழிகாட்டி ஜிம் வார்விக்கோடு, ஜெர்மனிமீதான தாக்குதலை வழிநடத்தப் புறப்பட்டார். திரும்பும் வழியில் நெதர்லாந்தின் ஸ்டீன்பெர்கன் ஊரருகே விமானம் விழுந்து இருவரும் இறந்தனர். அவ்வூர்க் கல்லறையிலேயே அடக்கம் செய்யப்பட்டனர்.

நினைவுச்சுவர் நிற்கும் ராயல் சதுக்கத்துக்கும் தனிக் கதை உண்டு. அங்கிருந்த ராயல் விடுதி 1943 ஆகஸ்டில் ஜெர்மானிய விமானம் போட்ட பாரசூட் கண்ணிவெடியால் தகர்ந்தது. குண்டு போடச் சென்றவர்களின் ஊர் தானும் குண்டுக்கு ஆளான அதே நிலத்தில், 1987 மே 17 அன்று, இடையில் உடைந்த அணையின் வடிவில் கல்லால் ஆன சுவர் திறக்கப்பட்டது. போர்க்காலத்தில் படையணி இழந்த இருநூறுக்கும் மேற்பட்டோரின் பெயர்கள் அதில் பொறிக்கப்பட்டுள்ளன. அணைத் தாக்குதலில் மாண்டோர் அவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கினரே. வடிவம் ஓர் இரவை நினைவூட்ட, பெயர்கள் இரண்டாண்டுக் காலத்தை நினைவூட்டுகின்றன. புகைப்படம் எடுத்துக்கொண்டு செல்வதோடு நில்லாமல் பெயர்களைப் படிப்பவருக்கே இந்தச் சுவர் தன்னை முழுமையாகக் காட்டுகிறது.

உடைந்த அணையின் வடிவம் இன்னொரு கேள்வியையும் எழுப்பாமல் விடாது. மோனே அணை உடைந்த நள்ளிரவில் பள்ளத்தாக்கில் பாய்ந்த வெள்ளம் 1,200க்கும் மேற்பட்டோரைக் கொன்றது. அவர்களில் பாதிக்கும் மேலானோர் ஜெர்மானியர் அல்லர்; நெஹைம் ஊருக்கு அருகே ஆற்றுத்தாழ்வில் அமைந்த முகாமில் அடைக்கப்பட்டிருந்த, சோவியத் நாடுகளிலிருந்து கட்டாய உழைப்புக்காகக் கொண்டுவரப்பட்ட பெண்களே அவர்களில் பெருந்தொகையினர். நாசிகளால் அடிமைப்படுத்தப்பட்டவர்கள் நாசிகளுக்கு எதிரான தாக்குதலில் மூழ்கினர். அணையோ அவ்வாண்டு இலையுதிர்காலத்துக்குள் மீண்டும் கட்டப்பட்டது. வெள்ளத்தால் பொதுமக்களுக்குப் பேரிழப்பு நேருமாயின் அணைகளைத் தாக்கலாகாது என்று 1977இல் ஜெனிவா உடன்படிக்கைகளின் கூடுதல் நெறிமுறை விதித்தது. விமானிகளின் துணிவைப் போற்றுவதும் முகாமின் பெண்களுக்காகத் துயருறுவதும் ஒன்றையொன்று விலக்கும் செயல்கள் அல்ல. இருபது வயதை ஒட்டிய இளைஞர்கள், தமக்கு இடப்பட்ட கட்டளையைத் தம் உயிரைப் பணயம் வைத்து நிறைவேற்றினர். விளைவின் பொறுப்பு அவர்களைவிட மிக உயர்ந்த இடங்களில் இருந்தவர்களையே சேரும்.

பாம்பர் கமாண்டில் பறந்த ஏறத்தாழ 1,25,000 பேரில் 55,573 பேர் மாண்டனர். நகரங்களின் மீதான தாக்குதல்கள் பற்றிய மனச்சங்கடம் காரணமாகப் போருக்குப் பின் அரசு அவர்களைக் கொண்டாடத் தயங்கியது. லண்டனில் அவர்களுக்கான நினைவகம் 2012இல்தான் எழுந்தது. லிங்கன்ஷையரின் சிற்றூர்கள் அதுவரை காத்திருக்கவில்லை. வுட்ஹால் ஸ்பாவின் ஓடுபாதை இருந்த இடத்தில் இன்று மணல், சரளை தோண்டிய பள்ளங்களும் அவற்றையொட்டி உருவான இயற்கைக் காப்பகமும் உள்ளன. அருகிலுள்ள டாட்டர்ஷால் தார்ப் ஊரில் எஞ்சிய படைக்குடில்களில் அமைந்த தார்ப் முகாம் அருங்காட்சியகம், இத்தளத்தில் இருந்தும் 617இன் புகழில் மறைந்துபோன 97, 619, 627 ஆகிய படையணிகளின் வரலாற்றையும் சமமாக எடுத்துரைக்கிறது. ஆக்ஸ்பர்க் சென்றவர்களைப் பற்றி அறிய விரும்புவோர் முதலில் செல்ல வேண்டிய இடம் அதுவே. கானிங்ஸ்பியில், உலகில் இன்னும் பறக்கும் இரண்டே லான்காஸ்டர்களில் ஒன்று பராமரிக்கப்படுகிறது. மற்றது கனடாவில் உள்ளது. லிங்கன் நகர்க் குன்றின் மேல் 2018இல் திறக்கப்பட்ட பன்னாட்டு பாம்பர் கமாண்ட் மையத்தில், லான்காஸ்டரின் இறக்கை அகலத்துக்குச் சமமாக 31 மீட்டர் உயர்ந்த கோபுரத்தைச் சுற்றி, ஏறத்தாழ 58,000 பெயர்கள் எஃகுத் தகடுகளில் வெட்டப்பட்டுள்ளன. அம்மையத்தின் கண்காட்சி குண்டு வீசியவர்களோடு குண்டு வீழ்ந்த ஊர்களின் மக்களுடைய வாய்மொழிச் சான்றுகளையும் சேர்த்தே வைத்திருக்கிறது.