தாய்ப்பாலும் நிறைத்தராசும்

தாய்ப்பாலா, புட்டிப்பாலா என்பதைத் தாயின் விருப்பாகவே கற்றோர் கருதுவர். மலையகத்திலே கொழுந்து பறிக்கும் தாய்க்கோ அது நேரத்தின் வினா. ஆறு மாதம்வரை தாய்ப்பாலே போதும் என்பது மருத்துவர் துணிபு. சட்டம் தரும் பிரசவ விடுமுறையோ 12 வாரம். பாலூட்ட நாளுக்கு இருமுறை இடைவேளை உண்டு என்றும் அச்சட்டம் கூறும். மலையிலிருந்து பிள்ளைக்காம்பராவுக்கு இறங்கி ஏறும் தூரத்தை அது அளந்ததில்லை. கொழுந்தின் நிறை குறைந்தால் அரைப்பேர்தான் கிட்டும். மார்பு கனத்துச் சேலை நனைய, கூடை நிறையும்வரை அவள் நிற்கிறாள்.

1981 இல் உலக சுகாதாரத் தாபனம் பால்மா விளம்பரங்களுக்கு நெறிக்கோவை வகுத்தது, நன்றே. ஆயினும் விளம்பரத்தைக் கண்டா அவள் பேணி வாங்கினாள்? லயத்திலே பாட்டி புட்டியைத் தண்ணீரிலே அலசுகிறாள். கொதிக்கவைக்க விறகு போதாது. மாவையும் ஒரு கரண்டி குறைத்தே கரைக்கிறாள். சம்பள நாள்வரை பேணி வரவேண்டுமே.