ரெண்டு நூல் சமாச்சாரம்

என் மாமனார் முப்பது வருஷம் மைக்ரோமீட்டர் பிடித்தவர். ஓசூர் சிப்காட்டில் ஒரு கம்பெனியின் டூல் ரூமில் வேலை. ஒரு மில்லிமீட்டரை நூறாகப் பிளந்து, அதில் ஒரு துண்டு கூடிப்போச்சு என்று முழு வேலையையும் குப்பையில் கடாசியவர். அப்பேர்ப்பட்ட மனிதர் போன ஐப்பசியில் என்னிடம் ஒரு பொய் சொன்னார்.

"இந்த பைனாகுலரை நீங்களே வெச்சுக்கங்க மாப்ளே. எனக்குக் கண்ணு முன்ன மாதிரி இல்லை."

கல்யாணத்துக்குக்கூட எனக்கு இப்படி எதுவும் தந்ததில்லை. எனவே சந்தேகம் வந்தது.

அது 1994-ல் சென்னை பர்மா பஜாரில் பேரம் பேசி வாங்கிய 10x50. பத்து மடங்கு பெரிதாகக் காட்டும், முன் கண்ணாடியின் குறுக்களவு ஐம்பது மில்லி. ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் கழுத்தில் மாட்டிக்கொண்டு கெலவரப்பள்ளி அணைக்குக் கிளம்பிவிடுவார். நீர்க்காகம், கொக்கு, மீன்கொத்தி என்று எண்ணி டைரியில் எழுதுவார். அதெல்லாம் பொழுதுபோக்கு. அதன் உண்மையான வேலை ராகி முற்றும் காலத்தில்தான் ஆரம்பிக்கும்.

ஓசூர் பக்கத்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காக: வருஷா வருஷம் ராகி அறுவடை நெருங்கும்போது கர்நாடகாவின் பன்னேர்கட்டா காட்டிலிருந்து யானைகள் கிளம்பி ஜவளகிரி, தளி வழியாக இந்தப் பக்கம் வரும். சானமாவு காட்டில் டேரா போடும். செக்போஸ்ட், பர்மிட் எதுவும் அவற்றுக்குக் கிடையாது. காட்டோரத்தில் என் மாமனாரின் தம்பிக்கு ஒன்றரை ஏக்கர் ராகி. அந்த வீட்டு மொட்டை மாடியில் சாயங்காலம் ஐந்து மணிக்கு மாமா பைனாகுலரோடு ஏறுவார். எத்தனை உருப்படி, குட்டி இருக்கிறதா, எந்தப் பக்கம் முகம் என்று பார்த்து அக்கம்பக்கத்துத் தோட்டங்களுக்கு போன் போடுவார். "இன்னிக்குக் காவலுக்குத் தனியா போகாதீங்க" என்று அவர் சொன்னால் யாரும் போக மாட்டார்கள். அவ்வளவு நம்பிக்கை.

அதை விட்டுவிட்டுத்தான் 'கண்ணு சரியில்லை' என்றார். கண் டாக்டரிடம் அழைத்துப் போனேன். ரெண்டு வருஷம் முன்பு புரை எடுத்த கண்; பளிங்கு மாதிரி இருக்கிறது என்றார் டாக்டர். மாமா கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்ததும் மனைவி காபி கொடுத்தாள். மாமா டம்ளரை இரண்டு கையாலும் பிடித்தார். அப்படியும் விளிம்பில் காபி தளும்பியது. ஆறு மாதமாக என் கண் முன்னால் நடந்த விஷயம், ஆபீஸில் பேலன்ஸ் ஷீட்டில் நாலணா வித்தியாசத்தைக் கண்டுபிடிக்கும் எனக்குத் தெரியவில்லை!

நரம்பு டாக்டர் பயப்பட ஒன்றுமில்லை என்றார். பார்க்கின்சன் இல்லையாம். அதில் கை சும்மா மடியில் கிடக்கும்போதுதான் அதிகம் ஆடும். இது வேறு ரகம். எதையாவது தூக்கிப் பிடிக்கும்போதுதான் நடுங்கும். மாத்திரை கொடுத்தார். கொஞ்சம் குறைந்தது. கொஞ்சம்தான்.

பத்து மடங்கு பெரிதாகக் காட்டும் பைனாகுலர், கை நடுக்கத்தையும் பத்து மடங்கு பெரிதாகக் காட்டும். சந்தேகமிருந்தால் ஒரு 10x பைனாகுலரைக் கையில் பிடித்து, எதிர்த் தெரு பைக்கின் நம்பர் பிளேட்டைப் படித்துப் பாருங்கள். நல்ல திடகாத்திரமான கைக்கே எழுத்து பரதநாட்டியம் ஆடும். மாமாவுக்கு யானையே ஆடியிருக்கிறது. அதற்கு முந்தின வருஷம் மூன்று என்று போன் போட்டாராம். வந்தது ஐந்து. நல்லவேளையாக யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. இதை மாமியார்தான் என்னிடம் ரகசியமாகச் சொன்னார்.

சரி, ட்ரைபாட்தான் வழி என்று முடிவு செய்தேன். ஆபீஸில் பக்கத்து சீட் நண்பர், கல்யாண வீடுகளில் போட்டோ எடுப்பவர், பழைய ட்ரைபாட் ஒன்றைச் சும்மாவே தந்தார். கொண்டுவந்து பைனாகுலரை அதன் தலையில் வைத்தேன். உருண்டு விழப் பார்த்தது. அப்போதுதான் உறைத்தது: கேமராவுக்கு அடியில் துளை உண்டு. பைனாகுலருக்கு அடியே கிடையாது! இரண்டையும் சேர்க்க நடுவில் ஒரு தரகர் வேண்டும். அடாப்டர் என்று பெயர்.

அந்தத் தரகரில்தான் எத்தனை ஜாதி! பைனாகுலரின் இரண்டு குழாய்களும் சேரும் நடுக்கீல் இருக்கிறதல்லவா, அதன் முன் நுனியில் ஒரு சின்ன மூடி இருக்கும். திருகிக் கழற்றினால் உள்ளே மரை. அதில் முடுக்குகிற 'எல்' வடிவ அடாப்டர்தான் பொதுவான ரகம். சில பைனாகுலர்களில் அந்த மரையே இருக்காது. அவற்றுக்குத் தொட்டில் மாதிரி ஒரு தட்டு, மேலே வார் போட்டுக் கட்ட வேண்டும். இப்போது வரும் நேர்க்குழாய் மாடல்களில் வேறு தொல்லை. இரண்டு குழாய்களும் நெருக்கமாக இருப்பதால், அடாப்டரின் தண்டு பருமனாக இருந்தால் குழாய்களை மடக்கிக் கண்ணுக்கு நேராகக் கொண்டுவர முடியாது. ஒரு வட்டத்துக்குப் பதிலாக இரண்டு வட்டம் தெரியும்.

இதெல்லாம் தெரியாமல், முதலில் தபாலில் ஒரு பிளாஸ்டிக் அடாப்டரை வரவழைத்தேன். டப்பா மேல் கொட்டை எழுத்தில் 'ஹன்ட்டிங் பைனாகுலர் அடாப்டர்' என்று இருந்தது. எனக்கு வேர்த்துவிட்டது. வேட்டைக்கு இந்தக் காடு பேர்போனதுதான். பெங்களூர்க்காரர் கென்னத் ஆண்டர்சன் 1954-ல் வெளிவந்த தன் புத்தகத்தில் ஜவளகிரி ஆட்கொல்லிப் புலியைப் பற்றி ஒரு அத்தியாயமே எழுதியிருக்கிறார். ஆனால் 1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்து அந்தக் கதைக்கு முற்றுப்புள்ளி வைத்துவிட்டது. 2014-ல் ஜவளகிரிக் காடுகளையும் சேர்த்துக் காவிரி வடக்கு வனவிலங்கு சரணாலயம் வேறு அறிவித்தாகிவிட்டது. அந்த டப்பாவோடு மொட்டை மாடியில் ஃபாரஸ்ட்காரர்கள் கையில் சிக்கினால் நான் என்னவென்று சொல்வது? டப்பாவை முதல் வேலையாகக் கிழித்துப் போட்டேன்.

அடாப்டரையும் சேர்த்துக் கிழித்திருக்கலாம். மாட்டியதும் பைனாகுலர், மார்க் ஷீட் வாங்கிய பையன் மாதிரி மெதுவாகத் தலையைத் தொங்கப்போட்டது. ஃபோகஸ் சக்கரத்தைத் தொட்டால் மூன்று விநாடிக்குப் படம் ஊஞ்சலாடியது. முக்கால் கிலோவுக்கு மேல் எடையை ஒரு பிளாஸ்டிக் முழங்கை எப்படித் தாங்கும்? மாமா ஒரு தரம் குனிந்து பார்த்துவிட்டு, "பரவால்ல மாப்ளே" என்று போய்விட்டார். அந்தப் 'பரவால்ல' எனக்கு என்னவோ செய்தது.

ஞாயிற்றுக்கிழமை அத்திப்பள்ளி வழியாக பஸ் பிடித்து பெங்களூர் எஸ்.பி. ரோடு போனேன். அரை நாள் அலைந்தும் உலோக அடாப்டர் அகப்படவில்லை. ஒரு கடைக்காரர், "எம்6 போல்ட் போடுங்க சார், அதேதான்" என்று பத்து ரூபாய்க்குத் தலையில் கட்டினார். போல்ட்டை வைத்து நானே ஒரு பட்டையில் தயார் பண்ணிவிடலாம் என்று திட்டம்.

ராத்திரி மூடியைக் கழற்றிப் போல்ட்டை விட்டேன். இரண்டு சுற்று சுகமாகப் போய், பிறகு இறுகியது. இன்னும் கொஞ்சம் முடுக்கலாமென்று ஸ்பேனரை எடுக்கும்போது பின்னாலிருந்து ஒரு கை வந்து என் மணிக்கட்டைப் பிடித்தது. நடுங்கிக்கொண்டே பிடித்தது.

"மரையை நாசம் பண்ணிடுவீங்க மாப்ளே. அது மில்லி ரெட்டு இல்லை. ரெண்டு நூல்."

நம்மூர்ப் பட்டறைக் கணக்கில் ஒரு நூல் என்பது அரைக்கால் இஞ்ச். ரெண்டு நூல் என்றால் கால் இஞ்ச், 6.35 மில்லி. எம்6 ஆறு மில்லி. அதன் ஒவ்வொரு மரைக்கும் இடைவெளி ஒரு மில்லி. இதற்கோ இஞ்சுக்கு இருபது மரை, இடைவெளி 1.27 மில்லி. இரண்டு சுற்று பொய்யாகச் சிரித்துவிட்டு மூன்றாவதில் கடிக்கும். இங்கிலாந்தில் ஜோசப் விட்வொர்த் 1841-ல் போட்ட கணக்கிலேயே கால் இஞ்ச் திருகுக்கு இருபது மரைதான். உலகமே மில்லிமீட்டருக்கு மாறிய பிறகும் கேமராவின் அடித்துளை மட்டும் இன்னும் இஞ்சைக் கட்டிக்கொண்டு அழுகிறது.

"இந்த மூடிக்குள்ள மரை இருக்கிறது உங்களுக்குத் தெரியுமா?" என்றேன்.

"வாங்கின அன்னிக்கே தெரியும்."

"அப்ப ஏன் மாமா சொல்லலை?"

பதில் இல்லை. கொஞ்ச நேரம் கழித்து, "முட்டுக்கொடுத்துப் பாக்கணுமான்னு இருந்துச்சு" என்றார். நான் போல்ட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் ஆபீஸுக்கு அரை நாள் லீவு போட்டேன். சிட்கோவில் ஒரு லேத் பட்டறை. அதன் முதலாளி மாமாவிடம் வேலை கற்றவர்; "ஐயா!" என்று எழுந்து நின்றார். மாமா முதலில் ஒரு தீக்குச்சியை அந்தத் துளைக்குள் விட்டு ஆழத்தை அளந்தார். திருகு அதைவிட நீளமாக இருந்தால் அடியில் போய் முட்டிக்கொள்ளும், பட்டை இறுகாது. இருபத்தைந்து மில்லி அகலம், ஆறு மில்லி கனத்தில் இரும்புப் பட்டை. 'எல்' மாதிரி வளைக்க வேண்டும். வளைந்த கால் பைனாகுலருக்கு அடியில், பின்பக்கமாகத் திரும்பியிருக்க வேண்டும். வெளிப்பக்கம் நீட்டினால் எடையெல்லாம் ஒரு பக்கம் சாய்ந்து ட்ரைபாட் கவிழும். நட்ட பாகம் எவ்வளவு உயரமென்றால், குழாய்கள் ட்ரைபாட் தலையில் இடிக்காத உயரம். அதற்குமேல் ஒரு விரல்கூட வேண்டாம். உயரம் கூடக்கூட ஆட்டம்.

எல்லாம் சொல்லி முடித்துவிட்டு, துளைக்குக் குறி போட ஸ்கிரைபரைக் கையில் எடுத்தார். முனை பட்டையின்மேல் தந்தி அடித்தது. பட்டறை முதலாளி சட்டென்று திரும்பி எதையோ தேடுகிற மாதிரி பாவனை செய்தார். நல்ல மனிதர்.

மாமா ஸ்கிரைபரை என்னிடம் நீட்டினார். "நீங்க கோடு போடுங்க மாப்ளே. நான் சொல்றேன்."

கணக்கு எழுதுகிற கையால் வாழ்க்கையில் முதல் தடவையாக இரும்பில் கோடு போட்டேன். கீழ்த்துளைக்குப் பட்டறையில் இருந்தது கால் இஞ்ச் விட்வொர்த் டேப். அதன் மரைக் கோணம் 55 டிகிரி, ட்ரைபாட் திருகுக்கு 60. "நாலு சுத்துக்கு அது ஒண்ணும் பண்ணாது" என்று மாமா தீர்ப்புச் சொன்னார். ஒன்றும் பண்ணவில்லை. பைனாகுலருக்கும் பட்டைக்கும் நடுவில் சைக்கிள் டியூபை வெட்டி ஒரு வாஷர். மொத்தச் செலவு, ரெண்டு டீயும் சேர்த்து, அந்த பிளாஸ்டிக் சனியனில் பாதி.

அன்று சாயங்காலமே மொட்டை மாடி. ட்ரைபாடின் நடுத் தண்டைத் தூக்காமல், கால்களை மட்டும் நீட்டினேன். காற்றுக்கு ஆடாமல் இருக்க மளிகைப் பையில் இரண்டு செங்கல் போட்டு நடுவில் தொங்கவிட்டேன். மாமா பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார். கைகளை மடியில் வைத்துக்கொண்டு, கண்ணை மட்டும் கொண்டுபோய்க் கண்ணாடியில் வைத்தார். ஒரு விரலால் ஃபோகஸ் சக்கரத்தைத் தொட்டார். விரல் நடுங்கியது. பட்டை அசையவில்லை.

ரொம்ப நேரம் பேசவே இல்லை. சிப்காட் பக்கம் ஷிப்ட் சங்கு ஊதி ஓய்ந்தது.

"ஏழு" என்றார். "ரெண்டு குட்டி. ஒண்ணு அம்மா காலுக்கு அந்தப் பக்கம் நிக்குது, அவசரப்பட்டா தெரியாது." போனை எடுத்து என்னிடமே கொடுத்து நம்பர்களைப் போடச் சொன்னார். தோட்டம் தோட்டமாகப் பேசினார். "ஏழு. நல்லாப் பாத்துட்டேன். ஏழேதான்."

எனக்கும் ஆசையாக இருந்தது. என்ன இருந்தாலும் பைனாகுலரை எனக்குத்தானே கொடுத்தார்? "மாமா, நான் கொஞ்சம்..." என்றேன்.

"இருங்க மாப்ளே" என்றார், கண்ணை எடுக்காமல். பத்து நிமிஷம் கழித்து இன்னொன்றும் சொன்னார்.

"தொளையை அரை மில்லி எடது பக்கம் தள்ளிக் குறி போட்டிருக்கீங்க. நாளைக்கு வேற பட்டை வாங்கிட்டு வாங்க."