சுவருக்குப் பின்னே வைத்த செடி



வில்லாபுரத்தில் எங்கள் ஆழ்துளைக் கிணற்று நீர் உவர்ப்பானது. ஆலய முற்றத்தில் ஆசையோடு நட்ட மதுரை மல்லி, அந்நீரால் இலை கருகிப் பட்டுப்போயிற்று. அப்பொழுது, இராமேஸ்வரம் கடற்கரையிலிருந்து இங்கு குடிவந்த முதிய சகோதரி ஒருவர் நித்தியகல்யாணிச் செடி ஒன்றைக் கொண்டுவந்தார். "உப்புக் காத்துலயும் மணல்லயும் வருசம் பூரா பூக்கும் ஐயா" என்றார். கல்லறைகளருகே பூப்பதால் அதனைச் சுடுகாட்டு மல்லி என்பர். சபையார் முகஞ்சுளிப்பார்களோ என அஞ்சிச் சுவருக்குப் பின்னே வைத்தேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை.

மடகாஸ்கரைத் தாயகமாகக் கொண்ட இச்செடிக்கு வெயிலும் நீர் தேங்காத மண்ணும் போதும். நஞ்சுள்ளதாதலால் ஆடுகளும் கடிப்பதில்லை. இராமநாதபுரம், தூத்துக்குடி மாவட்டங்களில் இதனைப் பயிரிடுகின்றனர். எதற்கென்று நான் கேட்டதில்லை.

பின்னொரு நாள், இரத்தப் புற்றுநோயுற்ற நம் சபைக் குழந்தைக்காக ஜெபிக்க மருத்துவமனை சென்றேன். குழந்தைக்கு வின்கிறிஸ்டின் ஏற்றிக்கொண்டிருந்தனர். "இது நித்தியகல்யாணி இலையிலிருந்து எடுப்பது" என்றார் மருத்துவர். நான் தலைகுனிந்தேன்.

தள்ளப்பட்ட கல் மூலைக்கல்லானதை (சங்கீதம் 118:22) எத்தனை முறை பிரசங்கித்திருக்கிறேன்! அன்று மாலையே அச்சகோதரியின் வீட்டிற்குச் சென்று மன்னிப்புக் கேட்டேன். இன்று அச்செடி ஆலய வாசலில் பூக்கிறது.

நாம் சுவருக்குப் பின்னே வைத்தவர் யார்? இவ்வாரம் அவரைத் தேடிச் செல்வோமாக.

ஜெபம்: ஆண்டவரே, நாங்கள் அற்பமாய் எண்ணியவர்களில் உம் கரத்தின் கிரியையைக் காணும் கண்களைத் தாரும். ஆமென்.